நெற்றிக்காசு

அஞ்சலை குடத்தை இடுப்பைவிட்டு இறக்காமலேயே வாசற்படியில் நின்றாள். தண்ணீர் தளும்பி அவள் புடவையை நனைத்துக்கொண்டிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

"என்னாங்க, பின்னாடி லாலான் புல்லுக் காட்டுல வரிசையா குச்சி அடிச்சிருக்கான். செவப்புத் துணி கட்டியிருக்கு. திங்கக்கெழமை காலையில புல்டோசர் வந்து தரையைத் தள்ளப்போவுதாம். பள்ளிக்கூடம் கட்டுறாங்களாம்."

கலியாணசுந்தரம் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். 

"நம்ம சேது அங்கதானே படுத்திருக்கான்" என்றாள் அஞ்சலை.

மலாயாவுக்கு மெர்டேக்கா, சுதந்திரம், வந்து மூன்று வாரந்தான் ஆகியிருந்தது. காஜா பேராங் சாலை நெடுகக் கட்டிய காகிதத் தோரணங்கள் மழையில் நனைந்து, சாயம் இறங்கி, கொடியில் மறந்துபோன துணிபோலத் தொங்கிக்கொண்டிருந்தன. புது நாட்டுக்குப் புதுப் பள்ளிக்கூடம். அதை யார் குறை சொல்ல முடியும்? அந்த நிலத்துக்கடியில் ஆறு வயதுப் பிள்ளை ஒருவன் பதினாலு வருஷமாகக் கிடக்கிறான் என்பது இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி குடத்தோடு வாசலில் நின்றாள். இன்னொருவர் கோப்பிக் குவளையைக் கீழே வைக்க இடம் தேடினார்.

"இன்னிக்கு ஒங்க மெஷினைக் கேட்டு வாங்கிட்டு வாங்க. நாளைக்குத் தேடி எடுத்துருவோம். நெத்தியில அரை வெள்ளிக் காசு இருக்குல்ல? காசு இருந்தா அது கத்தும்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

 காசு இருந்தால் கத்தும், உண்மைதான். அந்தக் காசு அங்கே இல்லை.

காஜா பேராங்கில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. 'காதுக்காரர்' என்பார்கள். ஆலோர் காஜா பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, பதினெட்டாவது வயதில் பால்வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு மலாக்காவுக்கு நடந்து வந்தவர். தண்ணீர் இலாகாவில் பள்ளம் வெட்டச் சேர்ந்தார். யுத்தம் முடிந்து பார்த்தபோது இலாகாவில் நாற்காலிகள் இருந்தன, வரைபடங்கள் இல்லை. எந்தக் குழாய் எந்தத் தெருவுக்கடியில் ஓடுகிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அப்போதுதான் ராணுவம் கண்ணிவெடி தேட வைத்திருந்த கருவி ஒன்று இலாகாவுக்கு வந்து சேர்ந்தது. நீளமான கழி, கழி நுனியில் தோசைக்கல் அளவுக்கு ஒரு தட்டு, முதுகில் தொங்கவிட ஒரு பெட்டி, காது இரண்டையும் மூடுகிற குமிழ்கள். எல்லோரும் ஒரு நாள் மாட்டிப் பார்த்துவிட்டுத் தலைவலி என்று ஓடிப்போனார்கள். கலியாணசுந்தரம் மட்டும் கழற்றவில்லை.

வெறும் மண்ணில் அது வண்டுபோல முனகும். உலோகம் வந்தால் வீறிடும். கொஞ்ச நாளில் அந்த வீறலுக்குள் இருந்த வேற்றுமையெல்லாம் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. ஆறங்குலக் குழாய் அடிவயிற்றிலிருந்து கத்தும். சோடா மூடி கீச்சென்று கத்திவிட்டு அடங்கும். காசு, கோயில் மணியை விரல் நகத்தால் சுண்டியதுபோல ஒரு சொட்டு. குழாய் தேடுகிற வழியில் எத்தனையோ காசுகள் கிடைத்தன. ஒன்றைக்கூட மடியில் முடிந்ததில்லை, மாரியம்மன் கோயில் உண்டியலில் போட்டுவிடுவார். "கலியாணம் கை சுத்தம்" என்று வேலை வாங்கும் மண்டோர் பத்துப் பேர் முன்னால் சொல்வார். அப்போதெல்லாம் அவர் தலையைக் குனிந்துகொள்வார். அடக்கமான மனுஷன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

நாற்பத்து மூன்றாம் வருஷம், ஜப்பான்காரன் காலம். மகன் சேதுராமனுக்கு ஆறு வயது, மகள் சீதாவுக்கு இரண்டு. இரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில் மலேரியாக் காய்ச்சல் கண்டது. பையன் முந்திக்கொண்டான். பொழுது விடியும் நேரத்தில் அவன் பல் கிட்டுவது நின்றது. அஞ்சலை, காய்ச்சல் இறங்கிவிட்டது என்று நினைத்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கலியாணசுந்தரம் இன்றைக்கும் கனவில் பார்க்கிறார்.

சுடுகாட்டுக்குக் கொண்டுபோக வழியில்லை. சாலையில் லாரி நின்றது. ஆம்பிளை என்று கண்டால் பிடித்துப் போட்டு சயாம் ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போனார்கள். வெட்டியானையே போன மாதம் ஏற்றிவிட்டார்கள். அதனால் வீட்டுக்குப் பின்னாலேயே, லாலான் காட்டுக்குள், தகப்பனே குழி வெட்டுவது என்று ஆயிற்று.

பிணத்துக்கு நெற்றியில் காசு வைக்க வேண்டும். அன்றைக்குக் கையில் புழங்கியதோ வாழைமரம் அச்சடித்த ஜப்பான் நோட்டு. காகிதத்தை எப்படிப் பிள்ளையின் நெற்றியில் வைப்பது? அஞ்சலை அத்தாப்பு ஓலைக் கூரையில் செருகியிருந்த துணிப் பொட்டலத்தை இறக்கினாள். வெள்ளைக்கார ராஜா தலை போட்ட, வெள்ளியில் அடித்த அரை வெள்ளிக் காசு, அதாவது அரை டாலர், ஒன்று இருந்தது, அவள் அம்மா கொடுத்தது. அதைச் சந்தனத்தில் தோய்த்து மகன் நெற்றியில் ஒட்டினாள்.

"குழி வெட்டுற வெட்டியானுக்குத்தான் நெத்திக்காசு சேரும்பாங்க. இப்பத்தான் வெட்டியானே இல்லியே. காசு எம்புள்ளைக்கே இருக்கட்டும். போற வழிக்கு வச்சிக்கட்டும்."

பிறகு தன் புடவையைப் பாதியாகக் கிழித்து அவனைச் சுற்றினாள். தெங்கேராவில் பாழடைந்து கிடந்த சோடாக் கம்பெனியில் உடைந்த பாட்டில்களிலிருந்து அவன் பொறுக்கிச் சேர்த்த பச்சைக் கோலிகள் ஐந்து இருந்தன. அவற்றைத் துணியின் முனையில் வைத்து முடிந்தாள். பெண்கள் குழிமேட்டுக்குப் போவதில்லை. அனலாய்க் கொதிக்கும் சீதாவை மடியில் போட்டுக்கொண்டு அவள் வீட்டிலேயே இருந்தாள்.

கலியாணசுந்தரம் துணி துவைக்கிற கல்லிலிருந்து அடி எண்ணிக்கொண்டு நடந்தார். எண்ணாவிட்டால் அழுகை வந்துவிடும், அழுதால் சாலைக்குக் கேட்கும். முப்பத்திரண்டு அடி. வெட்டினார், இறக்கினார். முகத்தை மூடப்போகும்போது நெற்றியில் காசு மினுங்கிற்று. சீதாவின் கொதிக்கிற உடம்பு நினைவுக்கு வந்தது. ஜாலான் பெண்டஹாராவில் ஜெய்னுலாப்தீன் கடையில் மலேரியாவுக்கான கொய்னா மாத்திரை இருப்பதும், அவர் ஜப்பான் நோட்டுக்குக் கொடுக்கமாட்டார் என்பதும் கலியாணசுந்தரத்துக்குத் தெரியும்.

'குழி வெட்டினவனுக்குக் கூலி' என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டார். சொல்லிவிட்டுக் காசை எடுத்துக்கொண்டார்.

எட்டு மாத்திரை. சீதா பிழைத்தாள். ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் இரக்கப்பட்டுக் கொடுத்தார் என்று அஞ்சலையிடம் சொன்னார். குழிமேல் வைத்த அடையாளக் கல், யுத்தம் முடிந்து வெள்ளைக்கார ராணுவம் அந்த வெளியில் கூடாரம் போட்டபோது லாரிச் சக்கரத்தில் போய்விட்டது. அவர்களுடைய பழைய அத்தாப்பு வீடும் போய்விட்டது. துவைக்கிற கல் மட்டும் மிஞ்சியது.

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு இலாகாவில் பெரிய கிராணி, தலைமைக் குமாஸ்தா பொன்னுதுரை கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அவரைப் பார்த்தார். யாழ்ப்பாணத்து மனுஷர். வாய் கடுமை, மனம் அப்படியில்லை.

"ஞாயிற்றுக்கிழமையும் மெசினோடையோ? என்ன கலியாணம், உமக்கு வீட்டிலை குழாய் தொலைஞ்சு போச்சோ?"

"ஒரு சாமான் தேடணும் ஐயா. பழைய சாமான்."

"திங்கள் மத்தியானத்துக்குள்ளை இஞ்சை வந்து சேரவேணும். மழை கிழை பட்டுதெண்டா உம்மைத்தான் பிடிச்சு மண்ணுக்குள்ளை தாழ்ப்பன், கண்டீரோ?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கலியாணசுந்தரமும் சிரிக்க முயன்றார். முகம் ஒத்துழைக்கவில்லை.

கருவியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போகாமல் ஜாலான் பெண்டஹாராவுக்கு மிதித்தார். வழியெல்லாம் ஒரே எண்ணம். அதேபோல ஒரு காசு கிடைத்தால் போதும். முப்பத்திரண்டாவது அடியில் புதைத்து, கருவியைக் காட்டி எடுத்துவிடலாம். அஞ்சலை அந்த இடத்து மண்ணை ஒரு துணியில் அள்ளிக்கொள்வாள். மண் எல்லாம் ஒரே மண்தானே? இந்த ஒரு வாக்கியத்தைக் காஜா பேராங்கிலிருந்து கடைவாசல் வரை நூறு தடவை சொல்லிக்கொண்டார். ஒரு தடவைகூட அது அவர் நெஞ்சில் ஒட்டவில்லை.

ஜெய்னுலாப்தீன் சாக்கிலிருந்து மிளகாயை அள்ளிக்கொண்டிருந்தார். தாடி வெள்ளையாகியிருந்தது.

"வாங்க கலியாணம். என்னா, மூஞ்சி தண்ணி வராத பைப்பு மாதிரி இருக்கு?"

"பழைய அரை வெள்ளி வேணும் பாய். ராஜா தலை போட்ட வெள்ளிக்காசு. இருக்குமா?"

"அட! மெர்டேக்கா குடுத்திட்டு ராஜா கப்பலேறினப்புறந்தான் அவரு மேல பாசம் பொங்குதோ?"

கலியாணசுந்தரம் சிரிக்கவில்லை. "ஜப்பான்காரன் காலத்துல ஒங்ககிட்ட ஒண்ணு குடுத்தேன். கொய்னாவுக்கு."

"ஞாபகம் இருக்கு. எட்டு மாத்திரை. பொண்ணுக்குக் காய்ச்சல்னீங்க. இப்ப நல்லா வளந்து நிக்கிதே, அல்லாவோட கிருபை."

"அது எம்மவன் நெத்திக்காசு பாய். குழியிலேருந்து எடுத்துட்டு வந்தேன்."

ஜெய்னுலாப்தீன் கையிலிருந்த மிளகாய் சாக்கிலேயே உதிர்ந்தது. தொப்பியைக் கழற்றினார், மறுபடி வைத்துக்கொண்டார்.

"சொல்லியிருக்கலாமே கலியாணம். மவுத்தான புள்ளையோட காசுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சும்மாவே குடுத்திருப்பேனே. எட்டு மாத்திரைதானே!"

அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். கலியாணசுந்தரத்துக்கு அது செவிட்டில் அறைந்ததுபோல் இருந்தது. ஒரு வார்த்தை. பதினாலு வருஷமாக நெஞ்சுக்குள் கிடந்த பாறாங்கல்லுக்கு விலை ஒரே ஒரு வார்த்தைதானா?

பாய் உள்ளே போய்ப் பொத்தானும் பழைய சாவியுமாய்க் கிடந்த தகர டப்பாவைக் கவிழ்த்து, ராஜா தலைக் காசு ஒன்றைத் தேடி எடுத்து வந்தார். கொடுத்த நோட்டை வாங்க மறுத்துவிட்டார். "இதுக்குப் பணம் வாங்கினா கை வெந்து போயிரும். ஆனா ஒண்ணு கேக்கிறேன், இதை வச்சு என்னா செய்யப் போறீங்க?"

கலியாணசுந்தரம் சைக்கிளை எடுத்துக்கொண்டார்.

ஞாயிறு காலை வெயில் ஏறுவதற்குள் இருவரும் லாலான் காட்டில் இறங்கிவிட்டார்கள். அஞ்சலை கையில் சங்குல் மண்வெட்டி. கலியாணசுந்தரம் முதுகில் பெட்டி, காதில் குமிழ், மடியில் ஜெய்னுலாப்தீன் கொடுத்த காசு. சிவப்புத் துணி கட்டிய குச்சிகள் அவர்களைச் சுற்றி நின்றன. துவைக்கிற கல்லிலிருந்து முப்பத்திரண்டு அடி நடந்து, அந்த இடத்தைச் சுற்றித் தட்டை வீசினார்.

அந்த மண் வாய் ஓயாத மண். கூடாரம் போட்டிருந்த ராணுவம் சும்மா போகவில்லை. மீன் டின், தோட்டாக் கூடு, பெல்ட்டுக் கொக்கி, ஒரு பிடி போன கரண்டி. ஒவ்வொரு வீறலுக்கும் அஞ்சலை ஓடி வந்து வெட்டினாள். ஒவ்வொரு தடவையும் குனிந்து, அது தகரம் என்று கண்டு, நிமிர்ந்தாள். அவளுடைய நிமிர்தல் ஒவ்வொன்றாக மெதுவாகிக்கொண்டே வந்தது.

பத்து மணி சுமாருக்குக் காதில் மணி சுண்டியது. மூன்று சொட்டு, நெருக்கமாக. கலியாணசுந்தரம் அந்த இடத்தைக் கையால் காட்டினார். அரை சாண் ஆழத்தில் நாலு மூலை வைத்த செப்பு ஒரு சென்ட் காசுகள் மூன்று, ஒன்றோடொன்று ஒட்டிப் பச்சை பிடித்துக் கிடந்தன. பக்கத்தில் நாலு கோலிகள்.

"சேது!" அஞ்சலை மண்ணோடு அள்ளி நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

 கலியாணசுந்தரத்துக்கு ஒரு கணம் விடுதலை வந்ததுபோல் இருந்தது. பொய்யை அவர் செய்யவே வேண்டாம், மண்ணே செய்து கொடுத்துவிட்டது.

ஆனால் அஞ்சலை கோலி ஒன்றை முந்தானையில் துடைத்து வெயிலுக்கு நேராகப் பிடித்தாள். உள்ளே சிவப்பும் மஞ்சளுமாக ஒரு பூ சுருண்டிருந்தது.

"இது கடையில வாங்கினது. அவனோடது சோடாக் கோலி, வெறும் பச்சை." அவற்றைக் குழிமேட்டில் வைத்தாள். "எந்தப் பசங்களோ பந்தயம் கட்டி விளையாடின குழி. வாங்க, தேடுவோம்."

ஏமாற்றத்தைத் துடைத்துக்கொண்டு அவள் சங்குலை எடுத்த வேகம் அவரைக் கலக்கியது. இவளையா ஏமாற்றப் போகிறோம்?

பன்னிரண்டு மணிக்கு அவள் தண்ணீர் கொண்டுவரப் போனாள். அவள் முதுகு மறைந்ததும் கலியாணசுந்தரம் மண்டியிட்டார். மடியிலிருந்த காசை எடுத்தார், கையால் பள்ளம் பறித்தார், வைத்தார், மூடினார், மேலே சருகைத் தூவினார். முன்பு ஒரு நாள் இதே கை, இதே மண்ணில், காசை எடுத்தது. இப்போது வைக்கிறது. எடுத்ததற்கு வைத்தது சரியாகிவிடாதா என்று ஒரு பைத்தியக்கார யோசனை வந்தது. குமிழை மாட்டினார். காதுக்குள் மணி சுண்டியது, சுத்தமாக, அழகாக. அவ்வளவு அருவருப்பான சத்தத்தை அவர் தம் ஆயுசில் கேட்டதில்லை.

அஞ்சலை செம்போடு வந்தாள். "கத்துதா?"

"இங்க ஒண்ணு கத்துது."

அவள் சங்குலைத் தொடவில்லை. விரலால் பறித்தாள். வெள்ளிக்காசு வெளியே வந்தது. ராஜா தலை.  அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒற்றி, முந்தானையில் முடிந்துகொண்டு, மறுபடி பறிக்கத் தொடங்கினாள்.

"போதும் அஞ்சலை. இந்த மண்ணுல ஒரு பிடி அள்ளிக்க. இதான் எடம்."

"கோலி?"

"என்னா?"

"காசு இருக்கையில கோலி இருக்கணும்ல? துணி மக்கிப்போவும். எலும்பும் மக்கியிருக்கும், பச்சைப்புள்ளை எலும்பு. கண்ணாடி எங்க போவும்?"

கண்ணாடிக்கு அவர் கருவி காது கேளாதது. பத்து வருஷமாக உலோகத்தையே கேட்டுப் பழகியவர், கத்தாத பொருளும் மண்ணுக்குள் இருக்கும் என்பதை மறந்தே போனார். அஞ்சலை ஒரு முழம் இறங்கிவிட்டாள். அதற்குக் கீழே செம்மண் கல்லாய் இறுகிக் கிடந்தது. அவள் நகம் ஒடிந்தது.

"இது வெட்டுப்பட்ட மண்ணே இல்லீங்க" என்றாள் மெதுவாக. "ஒரு தடவை வெட்டின மண்ணு இப்பிடி இறுகாது." நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு மடியை. மடிக்கட்டு அவிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

கலியாணசுந்தரம் குமிழைக் கழற்றினார். உலகம் சட்டென்று அமைதியானதுபோல் இருந்தது.

"அந்தக் காசு இங்க இல்ல அஞ்சலை. அன்னைக்கே எடுத்துட்டேன். டிரஸ்ஸர் ஒண்ணும் குடுக்கல. அதை வித்துத்தான் சீதாவுக்கு மாத்திரை வாங்கினேன். குழி வெட்டினவனுக்குக் கூலின்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். இந்தக் காசு நேத்து பாய்கிட்ட வாங்கினது."

லாலான் புல் காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுந்தது. சாலையில் யாரோ சைக்கிள் மணியடித்துப் போனார்கள்.

"எம்புள்ளைக்கு நீ அப்பனா, வெட்டியானா?" என்று கேட்டாள் அஞ்சலை. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவரை 'நீ' என்றாள்.

 அவள் அழுவாள், அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தார். ஒன்றுமே நடக்கவில்லை. அவள் சூரியனைப் பார்த்தாள். மேற்கே சாயத் தொடங்கியிருந்தது.

"எத்தினி அடி நடந்தே?"

"முப்பத்திரண்டு. கல்லுலேருந்து."

"நட."

கல்லுக்குப் போய், அங்கிருந்து நடந்தார். அதே இறுகிய மண்ணில் வந்து நின்றார். அஞ்சலை அவர் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு இப்பிடித்தான் கையை வீசிக்கிட்டு வந்தியா?"

அவர் திகைத்தார். அவள் வீட்டுக்கு ஓடி ஒரு கோணிச் சாக்கைக் கொண்டுவந்தாள். தோண்டிக் குவித்த மண்ணை அள்ளி அள்ளிச் சாக்கில் போட்டாள். வாயைக் கட்டி, இரண்டு கையாலும் தூக்கி, அவர் கையில் கிடத்தினாள்.

"இந்தக் கனம் இருந்தானா?"

கலியாணசுந்தரம் கையில் வாங்கினார். கண்ணை மூடிக்கொண்டார். "இல்ல. இன்னும் கொறைச்சல்."

கட்டை அவிழ்த்து இரண்டு கை மண் எடுத்தாள். "இப்ப?"

"இன்னும்."

மறுபடி எடுத்தாள். "கடைசி மூணு நாளு மரவள்ளிக் கஞ்சிகூட எறங்கல அவனுக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இன்னொரு கை. இன்னொரு கை. சாக்கு பாதிக்கும் கீழே போய்விட்டது. ஒவ்வொரு பிடி மண் எடுக்கும்போதும் மகன் அவர்கள் கண்முன்னால் மெலிந்துகொண்டே வந்தான்.

"போதும்" என்றார் கலியாணசுந்தரம்.  "இதான். இவ்வளவுதான் இருந்தான்."

சாக்கைத் தோளோடு சேர்த்து அணைத்தார். அன்றைக்குத் தலை இடது தோளில் கிடந்தது. கை தானாக அப்படியே வாகு செய்துகொண்டது. கல்லிலிருந்து நடந்தார். அடி தானாகவே சுருங்கியது. வயிறு ஒட்டிப்போன ஒரு முப்பது வயதுக்காரன், எங்கே அடி பிசகினால் பிள்ளைக்கு வலிக்குமோ என்று நடக்கிற நடை. ஒன்று, இரண்டு என்று எண்ணினார். இருபதுக்குமேல் குரல் வரவில்லை. அஞ்சலை கூடவே நடந்து எண்ணினாள். பாரம் இடப்பக்கம் இழுக்க, அடி இடப்பக்கமே சாய்ந்தது. முப்பத்திரண்டில் நின்றபோது காலையிலிருந்து தோண்டிய இடம் பதினைந்தடி முன்னால், வலப்பக்கம் கிடந்தது.

"மெஷினைத் தூக்கி அப்பால போடு" என்றாள் அஞ்சலை.

அவர் சங்குலால் வெட்டினார், அவள் கையால் அள்ளினாள். மண் இளகிக் கொடுத்தது. முழங்கால் ஆழத்தைத் தாண்டியதும் நிறம் மாறிற்று, செம்மண்ணுக்கு நடுவே கறுப்பாக ஒரு பாய்போல. கலியாணசுந்தரம் சங்குலைப் போட்டுவிட்டு இறங்கினார். வெயில் மஞ்சளாகி, புல் நுனிகளில் மட்டும் நின்றது. அவர் வேர் என்று ஒதுக்கிய ஒன்றை அஞ்சலை வாங்கிப் பார்த்து, வேர் இல்லை என்று தலையசைத்து முந்தானையில் வைத்துக்கொண்டாள்.

அப்போது அவர் விரல் நுனியில் வழுவழுப்பாக எதுவோ தட்டுப்பட்டது. வீறல் இல்லை, மணி இல்லை. மண்ணைத் துடைத்தார். பச்சை. சோடா பாட்டிலின் வெறும் பச்சை.

அஞ்சலை அதைப் பிடுங்கி வாயருகே கொண்டுபோனாள், முத்தமிடவா ஊதவா என்று தெரியாமல். பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. பதினாலு வருஷத்துக்கு முன் சாலைக்குக் கேட்டுவிடக் கூடாது என்று அடக்கியது, இப்போது யாருக்குக் கேட்டால் என்ன என்று வந்தது. அழுதுகொண்டே அள்ளினாள். இரண்டு. மூன்று. நாலாவது சற்றுத் தள்ளிக் கிடைத்தது. ஐந்தாவது கிடைக்கவில்லை. விரல் இடுக்கில் மண்ணைச் சலித்துச் சலித்துத் தேடினார்கள். பச்சையும் கறுப்பும் ஒன்றாகத் தெரியுமட்டும் தேடினார்கள்.

"அம்மா! அப்பா! இன்னும் என்னா செய்யிறீங்க அங்க?"

குழிமேட்டில் சீதா வந்து நின்றாள். பதினாறு வயது. எண்ணெய் வைத்துப் பின்னிய தலை, குண்டுக் கன்னம், கையில் லாந்தர். அஞ்சலை குழிக்குள்ளிருந்து அண்ணாந்து மகளைப் பார்த்தாள். காலிலிருந்து தலைவரை, வெகு நேரம், அப்போதுதான் யாரோ கொண்டுவந்து நிறுத்தியதைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். 

"ஒண்ணுமில்ல" என்றாள் அஞ்சலை. "நீ போயி ஒலை வையி. வந்துர்றோம்."

மறுநாள் காலையில் புல்டோசர் உறுமிக்கொண்டு லாலான் காட்டில் இறங்கிய நேரம், அவர்கள் சுடுகாட்டில் இருந்தார்கள். அஞ்சலை மடியில் மஞ்சள் துணிப் பொட்டலம். அதற்குள் கறுப்பு மண், வேர் அல்லாத வேர்கள், நாலு கோலி.

கலியாணசுந்தரம் வழக்கத்தில் சங்குலைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். அஞ்சலை அதை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள். கொட்டகையில் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்த வெட்டியானைக் கூப்பிட்டாள்.

"ஒரு சின்னக் குழி வெட்டணுங்க. ஆறு வயசுப் புள்ளைக்கு."

வெட்டியான் பொட்டலத்தைப் பார்த்தார்.  சுருட்டை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு, வெட்டி, ஓரத்தைச் செதுக்கிச் சீராக்கிவிட்டு ஒதுங்கினார். அஞ்சலை பொட்டலத்தை இறக்கினாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, பாய் கொடுத்த அரை வெள்ளியைப் பொட்டலத்தின்மேல் ஒரு கணம் வைத்தாள். பிறகு எடுத்து வெட்டியான் உள்ளங்கையில் வைத்தாள்.

"நெத்திக்காசு. ஒங்களுக்குச் சேர வேண்டியது."

வெட்டியான் அதைக் கண்ணில் ஒற்றி இடுப்பில் முடிந்துகொண்டார்.

அஞ்சலை கணவர் பக்கம் திரும்பினாள். முகத்தில் சாந்தம் எதுவும் இல்லை. கண் வீங்கியிருந்தது, உதடு இறுகியிருந்தது.

"நீங்க அப்பன் மொறைக்கு மூணு பிடி மண்ணு போடுங்க. அது போதும்."

கலியாணசுந்தரம் குனிந்தார். முதல் பிடி விரலிடுக்கில் ஒழுகிப் பாதிதான் விழுந்தது. இரண்டாவதைப் போட்டார். மூன்றாவது பிடியை இடது தோளோடு ஒரு முறை சேர்த்துக்கொண்டு, பிறகு போட்டார்.